பொதிந்தோன் கடன்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தைத் தமிழர் தேக்கா என வழங்குவர். தேக்கு மரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. மூங்கிலின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லே தமிழர் நாவில் தேக்கா ஆயிற்று. மலாய் மக்கள் அதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அஃதாவது எருமைத் தொழுவம், என்றனர். கால்நடை வணிகம் அங்கே செழித்திருந்த காலத்தின் நினைவாக எருமைச் சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் பெயர் மாறாது நிற்கின்றன. 1915இல் எழுந்த பழைய சந்தை மறைந்து, 1982இல் இன்றைய கட்டடம் வந்தது. அக்கட்டடத்துக்கும் 2000ஆம் ஆண்டில் தேக்கா என்னும் பழம்பெயரே மீண்டும் சூட்டப்பட்டது.

இவ்வட்டாரத்தின் வரலாறு கோயில் வழியாகவும், கால்நடை வழியாகவும், துணிக்கடை, நகைக்கடை வழியாகவும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அவ்வணிகப் பண்டங்கள் எவற்றில் பொதியப்பட்டு வந்தன, பண்டம் தீர்ந்தபின் அப்பொதி எங்கே போயிற்று, அதனை அகற்றும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பன எவரும் அதிகம் கேளாத வினாக்கள். 2019 செப்டம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வளங்களின் நிலைத்தன்மை பற்றிய சட்டம் ஒன்றினை நிறைவேற்றியபோது, பண்டத்தைப் பொதிந்து விற்போனுக்குப் பொதியின் மீதும் கடமை உண்டு என்பது அந்நாட்டில் முதன்முறையாக எழுத்தில் ஏறியது. மேலை நாடுகளிலிருந்து வந்த புதுமை என்றே வணிகர் பலர் அதனைக் கருதினர். தேக்காவின் பழங்கடைகளை ஆராய்வோர்க்கு அக்கருத்து முழுதும் பொருந்தாது என்பது விளங்கும்.

முதற்கண் சொற்களைக் காண்போம். பொதிதல் என்பது மறைத்தல், உள்ளடக்குதல் என்னும் பொருளுடையது. அதனின்று பொதி பிறந்தது. சிறியது பொட்டலம், தோளிலோ வண்டியிலோ ஏறுவது மூட்டை, வணிகர் கணக்கிட்டுக் கட்டி அனுப்புவது சிப்பம். இலையால் ஆன கிண்ணம் தொன்னை. உறை, கட்டு, கூடை, குடுவை, சாடி என இன்னும் பல உள. பொதியும் பொருளுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில், பொதியிலிருந்து உண்டாகும் குப்பைக்குத் தனிப்பெயர் ஒன்றும் பழைய நூல்களில் காணப்படவில்லை. இலை மண்ணோடு சேர்ந்தது. சாடி மீண்டும் நிரம்பியது. சாக்கு கிழியும் வரை உழைத்தது. குப்பையாகாத ஒன்றுக்குக் குப்பைப் பெயர் எதற்கு? இக்கட்டுரையில் சிப்பக் கழிவு என வருவது இக்காலத் தேவைக்காகச் சேர்த்துக்கொண்ட தொடரேயாம்.

அரசு பொதியின்மேல் கைவைத்ததற்கும் தமிழில் பழஞ்சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டப்பொதிகளின்மேல் சோழரின் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை கூறும். அப்பொறி பண்டத்துக்குரிய வரியின் அடையாளம்; பொதியைப்பற்றி அரசுக்குக் கவலை இல்லை. பொதிக்குப் பின்விளைவு உண்டு என்பதை மண்ணே வேறு இரண்டிடங்களில் காட்டுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது யவனர் மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. உரோமை நகரிலோ எண்ணெய்ச் சாடிகளின் உடைந்த ஓடுகளே குவிந்து, ஏறக்குறைய 35 மீட்டர் உயரமுள்ள குன்றாக இன்றும் நிற்கின்றன. திரும்பிச் செல்லாத சிப்பம் மலையாகும் என்பதற்கு அந்த ஓட்டுக்குன்றைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. நெடுந்தொலைவுக் கடல் வணிகத்தில் வெறுஞ்சாடியைத் திருப்பி அனுப்பக் கூலி கட்டாது. உள்ளூர் வணிகத்தில் கட்டும். இவ்வேறுபாடு பின்னர் தேக்காவிலும் பயன்படும், நினைவில் வைக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் சரக்கு வந்த வகையைப் பார்த்தால், பொதிகளுள் பெரும்பாலன விலையுள்ள பொருள்களாகவே இருந்தன. அரிசியும் பருப்பும் சணற்சாக்கில் வந்தன. எண்ணெய் தகரத்தில் வந்தது. காலியான சாக்கும் தகரமும் கடைக்காரரின் கணக்கில் மறுபடியும் வரவாயின. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமக்கும் வாளியாயிற்று. தட்டி விரிக்கப்பெற்றுக் கம்பத்து வீட்டின் கூரையும் சுவரும் ஆயிற்று. கோப்பிக் கடையில் எடுத்துச் செல்ல வேண்டுவோர்க்குக் காலிப் பால் டின்னில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கோப்பி ஊற்றிக் கொடுத்தனர். சோறும் பலகாரமும் வாழையிலையிலோ பாக்குமட்டையிலோ மடிக்கப்பட்டன. படித்து முடித்த செய்தித்தாள் மளிகைக் கடைக்குச் சென்று பொட்டலத் தாளாயிற்று. காலையில் தலையங்கமாய் இருந்தது மாலையில் மிளகாய் மடிக்கப் பயன்பட்டதை எண்ணி எழுத்தாளர் எவரும் வருந்தியிருக்க மாட்டார். அப்பொட்டலத்தைப் பிரித்துப் படித்தே தமிழ் கற்றோரும் உண்டன்றோ!

இவற்றுள் கடமை என்னும் சொல்லுக்கு மிக அணுக்கமானது கண்ணாடிப் புட்டி. ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்னும் இருவர் 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய சோடா நீர்க் குழுமமே பின்னர் பிரேசர் அண்டு நீவ் எனப் பெயர் பெற்றது. அத்தகைய பானங்கள் மரப்பெட்டிகளில் அடுக்கிக் கடைக்கு வந்தன. புட்டி பானக் குழுமத்தின் உடைமை. வாங்குவோருக்குரியது உள்ளிருந்த நீர் மட்டுமே. ஆகவே புட்டிக்கெனச் சில காசுகள் முன்பணமாகக் கொடுத்து, காலிப் புட்டியைத் திருப்பியபோது அதனைப் பெற்றுக்கொண்டனர். கடைக்காரர் காலிப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கி வைப்பார்; புதுச் சரக்கு கொணர்ந்த வண்டியே அவற்றை ஏற்றிச் செல்லும். எறிந்துவிட்ட புட்டியையும் சிறுவர் தேடி எடுத்துக் காசாக்கினர்.

இம்முறையைச் சட்டம் எதுவும் கட்டளையிடவில்லை. பசுமை நாட்டமும் அதன் காரணம் அன்று. கண்ணாடி விலையுயர்ந்தது, ஆதலின் திரும்பியது. காரணம் எதுவாயினும், விற்றோன் பொதியைத் திரும்ப ஏற்றான், வாங்கினோன் திருப்பினான், அவ்விருவரையும் முன்பணம் பிணைத்தது என்பது உண்மை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்கருத்து இதிலிருந்து அதிகம் விலகியதன்று.

கடைக்குத் திரும்பாதவற்றை ஏற்றோர் கருங்குனிக்காரர். இச்சொல்லைத் தமிழாசிரியர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். மலாயில் காருங் என்பது சாக்கு. குனி என்பதும் சாக்கே. இப்பின்சொல் நம் கோணி என்பதோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. வடமொழியில் கோணீ எனவும் ஆங்கிலத்தில் கன்னி எனவும் வழங்குவதும் அதுவே. இந்தியாவிலிருந்து அரிசியும் பருப்பும் சுமந்து வந்த சாக்கு, தன் பெயரையும் உடன் சுமந்து வந்தது போலும். சாக்கைத் தோளிலிட்டு வீடுவீடாகச் சென்று பழந்தாள், துணி, தகரம், புட்டி ஆகியவற்றை விலைக்கு வாங்கியோர்க்கு அச்சாக்கின் பெயரே தொழிற்பெயர் ஆயிற்று. அவர்கள் திரட்டியவற்றுள் ஒரு பகுதி, தேக்காவுக்கு அருகே ரொக்கோர் கால்வாய் ஓரத்தில் கூடிய சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையில் விற்பனையாயிற்று. பல தலைமுறை வாழ்ந்த அச்சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது.

கடைக்காரரும் கருங்குனிக்காரரும் விட்டதை அள்ளியவர் யார்? இவ்விடத்தில்தான் தேக்கா வணிகரின் வரலாறு தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றோடு கலக்கிறது. நகராட்சியின் துப்புரவுப் பணியில் தமிழர் பெருந்தொகையினராய் இருந்தனர். கடை முதலாளியும் வாடிக்கையாளரும் தெருக்கூட்டுவோரும் ஒரே மொழி பேசிய தெருக்கள் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் இருந்தன. கடை வாயிலில் விழுந்த பொதியை அகற்றும் வேலை எவ்வளவு பெருகிற்றோ அவ்வளவும் அவர் முதுகில் ஏறியது. 1967 பிப்ரவரி முதல் நாள் துப்புரவுப் பணியின் நாட்கூலித் தொழிலாளர் ஏறத்தாழ 2,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அதனைச் சட்டத்துக்குப் புறம்பானதென அறிவித்துத் தலைவர்களைக் கைது செய்தது. வேலைநிறுத்தம் செய்தோர் தம் வேலையைத் தாமே இழந்தவராவர் என்றும் விரும்புவோர் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் கூறியது. பெரும்பாலோர் விண்ணப்பித்து மீண்டனர். சங்கம் பதிவை இழந்தது. அவ்வழக்கின் நன்மை தீமை வேறு ஆராய்ச்சிக்கு உரியது. குப்பையின் பாரம் யார்மேல் விழுந்திருந்தது என்பதற்கு அது சான்றாகிறது என்பதே இங்கு வேண்டுவது.

அடுத்த ஆண்டு, 1968 அக்டோபர் முதல் நாள், பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. தெருவில் குப்பை எறிவோர்க்குத் தண்டம் விதித்து, நகரைத் தூய்மையாக்கிய பெருமை அச்சட்டத்துக்கு உண்டு. அதனை எவரும் மறுக்க இயலாது. எனினும் அச்சட்டம் யாரை நோக்கிற்று என்பதைக் கவனித்தல் தகும். அது எறிந்தவன் கையை நோக்கிற்று. எறியப்பட்டதைப் பொதிந்து விற்றவன் கை அதன் கண்ணில் படவில்லை. அன்றைய நிலையில் அது பெருங்குறையும் அன்று. பொதிகளிற் பல இன்னும் இலையும் தாளும் திரும்பிச் செல்லும் புட்டியுமாகவே இருந்தன.

அதே காலத்தில்தான் பொதி மாறத் தொடங்கிற்று. பிளாஸ்டிக் பை சணற்சாக்கையும் தாளையும் வென்றது. எளிதில் எறியத்தக்க தகரக் குவளையும் பிளாஸ்டிக் புட்டியும் கண்ணாடியை வென்றன. மலிவும் எடைக்குறைவும் ஈரம் புகாமையும் அவற்றின் சிறப்புகள். தேக்காச் சந்தையில் மீன் வாங்குவோர்க்குத் தாளைவிடப் பிளாஸ்டிக் பை நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொதி மலிவானதால் அதனைத் திருப்பிக் கேட்போர் இலராயினர், முன்பணம் தேவையற்றதாயிற்று, காலிப்பெட்டி அடுக்கிய இடத்தில் கடைக்காரர் வேறு சரக்கை அடுக்கினார். விற்றோன் கடமை ஓசையின்றி நீங்கிற்று. அதனை நீக்கவும் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நீங்கிய பாரம் மறைந்துவிடவில்லை. அரசின் தலையில் ஏறியது. 1970இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 டன்னாக இருந்த குப்பை 2000ஆம் ஆண்டில் 7,600 டன்னாயிற்று. புதைக்க நிலமில்லாத் தீவு ஆதலின் எரிக்கத் துணிந்தனர். முதல் எரிஆலை 1979இல் உலு பாண்டானில் வந்தது. பின்னர் துவாசிலும் செனோக்கோவிலும் வந்தன. பெருநிலத்தில் எஞ்சியிருந்த கடைசிக் குப்பைமேடாகிய லோரோங் ஹாலுஸ் 1999 மார்ச் இறுதியில் மூடப்பட்டு, ஏப்ரல் முதல் நாள் கடலுக்குள் அணைகட்டி அமைத்த செமக்காவ் தீவின் குப்பை நிலம் திறக்கப்பட்டது. எரித்த சாம்பலும் எரியாதனவும் அங்கே செல்கின்றன. 2045 வரை போதும் என முதலில் எண்ணப்பட்ட அது, 2035 அளவிலேயே நிரம்பிவிடும் எனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. வீடுகள் எறியும் குப்பையில் எடைப்படி மூன்றில் ஒரு பங்கு சிப்பக் கழிவு என்பது அரசின் மதிப்பீடு. உரோமையின் ஓட்டுக்குன்று கடல் நடுவே சாம்பல் நிலமாக மறுபிறவி எடுத்தது எனலாம்.

இதற்கிடையே பிற நாடுகள் பொதிந்தோன் பக்கம் திரும்பின. ஜெர்மனி 1991இல் இயற்றிய விதிகள் மிகக் கடுமையானவை. வாங்குவோர் பொதியைக் கடையிலேயே விட்டுச் செல்லலாம். கடைக்காரர் அதனை ஏற்க வேண்டும். ஏற்க விரும்பாத வணிகம் தன் செலவில் வீடுகள்தோறும் திரட்டும் பொது அமைப்பு ஒன்றில் சேரவேண்டும். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் சிப்பக் கழிவு பற்றிய கட்டளையை வெளியிட்டது. மறு ஆண்டில் ஜப்பானும் சட்டம் செய்தது.

பிரிட்டனின் 1997ஆம் ஆண்டு விதிகள் வேறொரு வகையால் சுவையானவை. ஆண்டு விற்றுவரவு 50 லட்சம் பவுனுக்கும், கையாளும் சிப்பம் 50 டன்னுக்கும் மேற்பட்ட வணிகங்களை அவை முதலில் பிடித்தன. 2000ஆம் ஆண்டில் விற்றுவரவின் எல்லை 20 லட்சமாகக் குறைந்தது. பொதியின் பொறுப்பு ஒருவர்மேல் மட்டும் விழாது சங்கிலி முழுதும் பகுக்கப்பட்டது. மூலப்பொருள் செய்தோர்க்கு நூற்றுக்கு 6, அதனைப் பையாகவோ பெட்டியாகவோ ஆக்கினோர்க்கு 9, பண்டத்தை இட்டு நிரப்பினோர்க்கு 37, கடைசியில் விற்றோர்க்கு 48 எனப் பங்கு அமைந்தது. விற்பவனுக்கே பெரும்பங்கு! தம் பங்கை மறுசுழற்சி செய்துவிட்டதற்கு அடையாளமாக, மறுசுழற்சி ஆலைகள் வழங்கும் சான்றுச் சீட்டுகளை வணிகர் விலைக்கு வாங்கிக் காட்டினர். சீட்டு வாங்கிவிட்டால் கடமை தீர்ந்தது. பொதியைச் சுருக்க வேண்டும் என்னும் எண்ணம் வளர அதில் இடம் குறைவு. 2024இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இப்பகுப்பை நீக்கி, பொறுப்பைச் சங்கிலியின் ஓரிடத்தில், பெரும்பாலும் வணிகப்பெயர் உடையோன்மேல், நிறுத்தின. அதனினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. வீட்டுக் குப்பையிலிருந்து சிப்பக் கழிவைத் திரட்ட உள்ளாட்சிகளுக்கு ஆகும் செலவைப் பெருவணிகர் கொடுக்க வேண்டும் என அவை கூறுகின்றன. துடைப்பத்தின் கூலி பொதிந்தோன் கணக்கில் ஏறிய இடம் அது.

சிங்கப்பூர் சென்ற வழி மெதுவானது. 2007 ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, அரசும் தொழில் அமைப்புகளும் சிப்ப உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அது கட்டாயம் அன்று. விரும்பிய குழுமங்கள் சேர்ந்து, புட்டியின் கனத்தைக் குறைத்தும் பெட்டியின் அளவைச் சுருக்கியும் காட்டின. பொதியைக் குறைப்பதால் வணிகருக்குச் செலவும் குறையும் என்பதை அவ்வுடன்படிக்கை மெய்ப்பித்தது. 2020 வரை அது நீடித்தது. சேர்ந்தோர் செய்தனர், சேராதோரைக் கேட்பார் இல்லை. நல்லோர் சிலரின் விருப்பத்தில் நிற்கும் கடமை நகரம் முழுவதற்கும் போதாது என்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் காட்டின.

ஆகவே 2019ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 2021 தொடக்கம் முதல் ஆண்டு விற்றுவரவு 1 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பேரங்காடிகள் முதலியோர் தாம் சந்தைக்கு அனுப்பும் பொதிகளின் கணக்கைத் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குத் தரவேண்டும். முதற்கணக்கு 2022இல் தரப்பட்டது. பொதி எப்பொருளால் ஆனது, என்ன வடிவினது, எத்தனை எடை என்பன தனித்தனியே வரவேண்டும். குறைத்தல், மறுபடி பயன்படுத்தல், மறுசுழற்சி செய்தல் ஆகிய மூன்றுக்கும் திட்டமும் உடன் தரவேண்டும்.

கணக்குக் கொடுப்பது எளிய கடமை எனத் தோன்றும். அரிசி இறக்குமதி செய்யும் ஒருவரை எண்ணிப் பார்க்க. எத்தனை மூட்டை விற்றோம் என்பது அவர் பேரேட்டில் உண்டு. ஒவ்வொரு பையின் எடை என்ன, அச்சிட்ட மேலுறை எப்பொருள், சிறுபைகளைச் சேர்த்துக் கட்டிய பெரும்பை எத்தனை கிராம் என்பன எந்தப் பேரேட்டிலும் இல்லை. அனுப்பியோரைக் கேட்டோ தாமே தராசில் இட்டோ அறியவேண்டும். பண்டத்தை நிறுத்து விற்றே வாழ்ந்த வணிகன் வெறும்பையை நிறுக்க வேண்டி வந்தது இதுவே முதன்முறை. நிறுத்துப் பார்க்கும்போதுதான் எத்தனை வீண் என்பது தெரிகிறது. கணக்கின் பயன் அது. அக்கணக்கால் மட்டும் துப்புரவுச் செலவில் ஒரு காசும் வணிகர்பால் செல்லவில்லை என்பதும் உடன் சொல்லத்தக்கது. குப்பை அகற்றும் கட்டணத்தை வீட்டாரே செலுத்தி வருகின்றனர். அறிக்கை பெறுதல் முதற்படி. பொறுப்பை விரிவாக்குதல் அடுத்தபடி என்றே அரசும் கூறிற்று.

2023 ஜூலை 3ஆம் நாள் மற்றொரு விதி நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்றுவரவு 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட பேரங்காடிகள், கைப்பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்கவேண்டும். எத்தனை பை கொடுத்தோம், வந்த பணத்தை எவ்வாறு செலவிட்டோம் என்பதை வெளியிடவும் வேண்டும். தேக்காச் சந்தைக் கடைகள் இதற்கு உட்பட்டவையல்ல. கத்தரிக்காய் ஒரு பையிலும் கறிவேப்பிலை ஒரு பையிலும் இட்டு, இரண்டையும் மூன்றாவது பையில் வைத்துக் கொடுக்கும் உபசாரம் எருமைச் சாலையில் அவ்விதியால் தடைபடவில்லை. வாடிக்கையாளர் மனம் கோணாதிருக்கச் செய்யும் அன்புச் செயல் அது என்று கடைக்காரர் சொல்வர். அன்பை அளக்க மூன்று பை வேண்டுமா என்று கேட்போரும் உளர்.

சட்டத்தின் மிகச் சுவையான பகுதி பானக் கொள்கலன் பற்றியது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரை கொள்ளும் பிளாஸ்டிக் புட்டிக்கும் உலோகக் குவளைக்கும் 10 காசு முன்பணம். காலிக்கலனைத் திருப்பினால் அது மீளும். 2025 ஏப்ரலில் தொடங்கக் குறித்துப் பின் 2026 ஏப்ரல் 1ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்ட திட்டம் இது. திட்டத்தை நடத்தும் செலவு பானம் செய்வோரையும் இறக்குமதி செய்வோரையும் சார்ந்தது. நூற்றுக்கு 80 கலன்களாவது திரும்பவேண்டும் என்பது இலக்கு. நடத்தும் அமைப்பைச் சேர்ந்து நிறுவிய மூன்று குழுமங்களுள் ஒன்று, முன் சொன்ன பிரேசர் அண்டு நீவ் வழிவந்த உணவுக் குழுமமே. புட்டிக்கு முன்பணம் வாங்கிய பழைய பானத்தொழில் நெடுங்காலம் கழித்துச் சட்டத்தின் வாயிலாக அதே முன்பணத்துக்கு மீண்டுள்ளது. ஆனால் அம்முறையைத் தோற்றுவித்த கண்ணாடிப் புட்டி இப்புதிய திட்டத்தில் இல்லை!

தேக்காவின் சிறு கடைக்கு இதனால் நேர்வது யாது? முன்பணத்தை விலையோடு சேர்த்து வாங்குதல் சிறு கடைக்கும் உரியது. கலனைத் திரும்பப் பெறும் இடம் அமைக்கும் கடமையோ 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகளுக்கே விதிக்கப்பட்டது. காலிப் புட்டியை வாங்கி மரப்பெட்டியில் அடுக்கிய கடையின் வழித்தோன்றல் இன்று காசை மட்டும் வாங்கும். கலன் வேறிடத்தில் பொறியின் வாய்க்குள் செல்லும். இட நெருக்கடி மிக்க சிறு கடையைச் சட்டம் வருத்தவில்லை என்பது நன்றே. எனினும், பழைய முறையில் கடைக்காரருக்கும் வாங்குவோருக்கும் இடையே இருந்த நேர்ப்பிணைப்பு இதில் இல்லை. முதியோர் ஒருவர் தெருமுனைக் கடையில் வாங்கிய புட்டிக்கு முன்பணம் மீளப் பேரங்காடி வரை நடக்க வேண்டும். நடவாதவர் 10 காசு இழப்பர். தெருவில் கலன் பொறுக்கி வாழும் ஏழை முதியோர்க்கோ ஒவ்வொரு கலனும் 10 காசு பெறுமதி உடையதாகிறது. பழைய நாளில் சிறுவர் கையில் சென்ற காசு அது.

தமிழகத்திலும் இதற்கு இணை உண்டு. 2019 தொடக்கத்தில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கினைத் தமிழக அரசு தடைசெய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் அழைக்கும் இயக்கம் தொடங்கிற்று. ஆனால் பொதிந்தோன் கடனை நேராகத் தொட்டது நீலகிரி வழக்கே. காட்டு வழியில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளின் சில்லுகள் யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற முறையீட்டின்மேல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட, 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அங்கே வாங்கிய கடையே திரும்பப் பெறும் கடையும் ஆயிற்று. விற்போன் அரசேயாதலின், இடமில்லை எனச் சொல்ல அதற்கு வழியில்லாது போயிற்று.

சிங்கப்பூரில் அறிக்கை தரும் எல்லை 1 கோடி வெள்ளி என்றே வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குக் கீழிருக்கும் கடையும் தான் விற்கும் சரக்கின் பெரும்பகுதியை எல்லைக்கு மேலிருக்கும் இறக்குமதியாளரிடமே வாங்குகிறது. அப்பொதிகள் அவர் கணக்கில் வந்துவிடும். கணக்கில் வாராதவை கடையில் புதிதாகச் சேர்க்கப்படுவன: மாலையைச் சுற்றும் பை, வெற்றிலையை இடும் பை, பலகாரப் பெட்டி, குழம்பு ஊற்றிக் கட்டும் சிறு பை. கேம்பல் சந்தில் மாலை தொடுப்போர் நாரையும் நூலையும் முழம் போட்டு அளந்தே எடுக்கின்றனர்; பையை அவ்வாறு அளப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அத்தெருக்களில் கூட்டம் நெருங்கும் நாள்களில் அப்பைகள் எத்தனை என்று இதுவரை எவரும் எண்ணியதில்லை. விடியுமுன் வந்து பெருக்குவோர் மட்டும் அறிவர். முன்னாளில் அவர்கள் தமிழ் பேசினர். இப்போது அவர்களுட் பலர் வங்காளம் பேசுவோர்.